தாயா, சேயா என்று கேட்பதற்கு முன்

தாயைக் காப்பாற்றுவதா, பிள்ளையைக் காப்பாற்றுவதா? தமிழ்ச் சினிமாவில் நாம் பலமுறை கேட்ட கேள்வி இது. சத்திரசிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு வைத்தியர் வெளியே வருவார். கணவனின் முகத்தைப் பார்த்து, 'இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்' என்பார். கணவன் சுவரில் சாய்ந்து அழுவான். உள்ளே படுத்திருப்பவளிடம் அந்தக் கேள்வி போவதேயில்லை. சினிமாவை விடுங்கள், மார்க்க விளக்கக் கூட்டங்களிலும் இக்கேள்வி ஏறத்தாழ இதே உருவத்தில்தான் வருகிறது. ஒரு தட்டில் தாய், மறு தட்டில் சிசு, தராசைப் பிடித்திருப்பவர் வேறு யாரோ.

இதைச் சற்று நிதானமாக யோசிக்க விரும்பி, மிக அரிதான ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். கர்ப்ப காலத்தில் சதையியில் தோன்றும் கட்டிகள். அரிய நோயைக் கொண்டு பொதுவான கேள்வியை ஆராயலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் கையிலுள்ள சுலபமான விடைகள் எல்லாமே இந்த நோயிடம் தோற்றுப்போகின்றன, அதுதான் காரணம்.

சதையி என்பது எமது விஞ்ஞானப் பாடநூல்கள் வழங்கும் பெயர். தமிழகத்தில் கணையம் என்பார்கள். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும், ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமுள்ள உறுப்பு. உணவைச் சமிக்கச் செய்யும் சாற்றையும் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சுரக்கிறது. ஆழத்தில் கிடப்பதால் அதில் வரும் நோய் வெளியே தெரியச் சுணங்கும். கர்ப்பிணிக்கோ இன்னும் சுணங்கும். மேல்வயிற்று நோவு, வாந்தி, முதுகு வலி, சாப்பாட்டில் வெறுப்பு, களைப்பு ஆகிய இந்நோயின் அறிகுறிகள் அத்தனையும் மசக்கையின் அறிகுறிகளும்தான். 'வயித்துப் பிள்ளைக்காரி சத்தி எடுக்காம வேறென்ன செய்வா' என்று உம்மாமார் சொல்வதில் பிழை காண முடியாது. செங்கமாரி கண்டு கண் மஞ்சளான பிறகுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள்.

கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு ஏதோவொரு புற்றுநோய் கண்டறியப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவற்றில் மார்பு, கருப்பைக் கழுத்து, இரத்தம் ஆகியன முன்னிற்கும். சதையிக் கட்டி, வைத்தியர்கள் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே எழுதிவைக்கும் அளவுக்கு அரிது. அப்படி எழுதிவைக்கப்பட்டவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கட்டி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பல வேறு பொருள்கள்.

சளி போன்ற திரவம் நிறைந்த நீர்க்கட்டி ஒரு வகை. அநேகமாகப் பெண்களுக்கே வருவது. கர்ப்ப கால ஹோர்மோன்களுக்கு அது செவிசாய்க்கும். ஆகவே கர்ப்பத்தில் விரைவாகப் பெருத்துவிடலாம், சிலவேளை வெடித்தும் விடலாம். இன்னொரு வகையை 1959இல் வேர்ஜினியா பிரான்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் நோயியலாளர் விபரித்தார். இளம் பெண்களையே பெரும்பாலும் பிடிக்கும் அது மெதுவாக வளரும். முழுமையாக வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மூன்றாவது இன்சுலினை அளவின்றிச் சுரக்கும் சிறு கட்டி. இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி அந்தப் பெண் தடுமாறுவாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், மயங்கி விழுவாள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இது கடுமையாக இருந்து, பின்னைய மாதங்களில் தணிந்து, பிரசவத்தின் பின் திரும்பவும் தலைதூக்குவதுண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இப்படியொரு பெண்ணை முதலில் தண்ணீர் ஓதிக் கொடுக்கத்தான் அழைத்துப் போவார்கள் என்பதை எழுதாமல் விட முடியவில்லை. நான்காவதுதான் எல்லோரும் அஞ்சும் சதையிப் புற்றுநோய். வயோதிபர்களுக்கே அதிகம் வருவது. கர்ப்பிணிக்கு வந்தால், கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுடைய நாட்கள் குறுகியவையாகவே இருக்கக்கூடும்.

இப்போது அந்தத் தராசை எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று வகையிலும் தாயா சேயா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் சத்திரசிகிச்சை செய்வது ஓரளவு பாதுகாப்பானது. அதற்கு முன் கருச்சிதைவு அச்சம், அதற்குப் பின் கருப்பை பெருத்து வழியை மறைக்கும், குறைமாதப் பிரசவமும் நேரலாம். மெதுவாக வளரும் கட்டியானால் பிரசவம் வரை காத்திருக்கவும் இயலும். இருவரையும் காப்பதற்கு வழியிருக்கும் இடத்தில் 'யாரை' என்று கேட்டு ஒரு குடும்பத்தைக் கதிகலங்க வைப்பது அறியாமை. நான்காவது வகையிலோ கேள்வி வேறு விதமாக உடைகிறது. கர்ப்பத்தைக் கலைப்பதால் மட்டும் புற்றுநோய் குணமாகிவிடாது. சிகிச்சைக்கு இருக்கும் தடை ஒன்று நீங்கும், அவ்வளவே. அந்தச் சிகிச்சை அவளுக்கு எத்தனை மாதங்களைத் தரும், அதில் எத்தனை மாதங்கள் கட்டிலில் கழியும் என்ற கணக்கும் கூடவே வருகிறது. 'தாயைக் காப்பாற்ற' என்ற சொல்லே அங்கே பாதி பொய்யாகிவிடுகிறது.

எங்கள் நாட்டுச் சட்டம் இந்த நுணுக்கங்களுக்கு முன் எழுதப்பட்டது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு. பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கில் நல்லெண்ணத்துடன் செய்தாலொழிய, கருவைக் கலைப்பது குற்றம். வெள்ளைக்காரர் இந்தியாவுக்கு 1860இல் எழுதியதன் வழிவந்தது. இந்தியா 1971இல் தன் சட்டத்தை விரித்துக்கொண்டது. நாம் 1995இல் பேசிப் பார்த்து விட்டுவிட்டோம். உயிருக்கு ஆபத்து என்பது எந்தக் கணத்தில் தொடங்குகிறது? மரணம் வாசற்படியில் நிற்க வேண்டுமா, தெருமுனையில் தெரிந்தால் போதுமா? அயர்லாந்தில் கோல்வே நகரத்தில், கர்நாடகத்தின் பெல்காமிலிருந்து சென்ற பல் வைத்தியர் சவிதா ஹலப்பனாவர் 2012 ஒக்டோபர் 28ஆந் திகதி 31 வயதில் இறந்தது இந்தக் கேள்வியில்தான். 17 வாரக் கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறது என்று காத்திருந்தார்கள். அதற்குள் கிருமி அவருடைய இரத்தத்தில் ஏறிவிட்டது. சவிதாவுக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் காத்திருப்பது எப்போதும் பாவமற்ற செயல் என்று நினைப்பவர்களுக்கு அவருடைய மரணம் ஒரு பதில். அந்த நாட்டு மக்கள் 2018இல் வாக்களித்துத் தங்கள் அரசியலமைப்பையே மாற்றினார்கள்.

எமது பிக்ஹு நூல்கள் இவ்விடயத்தில் நாம் நினைப்பதைவிட நுட்பமானவை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் அறிவிப்பைக் கொண்டு, 120 நாட்களில் ரூஹு ஊதப்படுகிறது என்று பெரும்பாலான உலமாக்கள் கொண்டனர். நாற்பது நாட்களையொட்டிய வேறு அறிவிப்பும் உண்டு. ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். வைத்தியர்கள் வாரக் கணக்கைக் கடைசி மாதவிடாயிலிருந்து தொடங்குகிறார்கள். கரு தரிப்பது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்தி. ஆகவே மார்க்கத்தின் 120 நாள், கிளினிக் அட்டையில் 17 வாரமாக அன்றி 19 வாரமாகவே வரும். அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு இந்த இரண்டு வாரம் சிறிய விடயமன்று.

எமது ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), ரூஹு ஊதப்படுவதற்கு முன்னரும் கருவைச் சிதைப்பது குற்றமே என்றும், படிக்குப் படி அக்குற்றம் கனத்துச் செல்கிறது என்றும் இஹ்யாவில் விளக்குகிறார். ஆம், இல்லை என்ற இரண்டு பெட்டிக்குள் அவர் விடயத்தை அடைக்கவில்லை. 1836இல் மறைந்த திமிஷ்க் நகரத்து ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீனோ, வயிற்றில் பிள்ளை உயிரோடிருக்கத் தாயின் உயிருக்கு அஞ்சி அதை வெட்டியெடுப்பது கூடாது என்றார். அவர் காட்டிய காரணம்தான் முக்கியமானது. தாய் இறப்பாள் என்பது வெறும் ஊகம். ஊகத்துக்காக ஓர் உயிரை அழிக்கலாகாது. தாயின் உயிரைப் பிள்ளையின் உயிரைவிடத் தாழ்ந்ததாக அவர் கருதவில்லை. தன் காலத்து அறிவின் எல்லையை அவர் நேர்மையாகச் சொன்னார் என்றே நான் வாசிக்கிறேன். 1958 முதல் 1963 வரை அல் அஸ்ஹரின் தலைமை ஷைகாக இருந்த மஹ்மூத் ஷல்தூத், தாய் வேர், பிள்ளை கிளை என்ற அடிப்படையில் தாயின் உயிர் உறுதியாக ஆபத்திலிருந்தால் அவளைக் காக்க இடமளித்தார். மக்காவிலுள்ள ராபிதாவின் பிக்ஹு சபை 1990இல் எடுத்த தீர்மானமும், 120 நாளின் பின், நம்பத்தகுந்த நிபுண வைத்தியர்களின் குழு தாயின் உயிருக்கு நிச்சயமான ஆபத்து எனக் கண்டால் மட்டும் அனுமதித்தது. இந்த மூன்று கருத்துகளும் அறிவு எவ்வளவு உறுதியானது என்ற ஒரே முளையில் கட்டப்பட்டிருக்கின்றன. யகீன் எது, பலமான எண்ணம் எது, வெறும் வஹ்மு எது என்று பிரித்தறியாமல் பத்வா இல்லை. கட்டி எந்த வகை என்று தெரியாமல் விடை கேட்பவர், நூல்கள் நிபந்தனையாகக் கேட்ட அந்த அறிவைத் தாண்டிக் குதிக்கிறார்.

ஆனால் அறிவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது யாரிடம் வந்தது?

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்தபோது ஐந்தாம் மாதத்தில் நிறை குறைந்துகொண்டு போனதைக் கவனித்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல மாது. 1940களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது நாற்பதுக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டியிலும் கால்நடையிலும் மலையேறி வரும் இப்பெண்களின் உழைப்பு பெரும்பங்கு என்பதை நம் எழுத்தாளர்கள் போதியளவு எழுதவில்லை. அவர் அனுப்பியபடி கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு காந்தப் படம். சதையியின் வால்பகுதியில் நீர்க்கட்டி.

அன்றிரவு அவர்கள் வீட்டு விறாந்தையில் கூடினோம். பிள்ளையின் வாப்பா, கணவன், கணவனின் நானா, பள்ளிவாசல் மௌலவி. விஞ்ஞானம் தெரிந்தவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். பெண்கள் குசினிப் பக்கம். ஒரு மணித்தியாலம் பேச்சு நடந்தது. ஒப்பரேஷனில் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா, கொழும்புக்குக் கொண்டு போவதா, காசு எவ்வளவு, இந்தக் கரு வேண்டாமென்று விட்டால் என்ன. வயதில் எங்கள் எல்லோரிலும் இளையவரான மௌலவி அதுவரை அதிகம் பேசவில்லை. பிறகு, 'பிள்ளை என்ன செல்லுது?' என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வயிற்றில் வாயுக் கட்டி என்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் அவளுக்கு விபரம் சொல்லப்பட்டது. அழுது முடித்த பின் அவள் என்னிடம் சொன்னது: 'ஏண்ட வகுத்துல ஈக்கிறதப் பத்தி எனக்கிட்ட மட்டும் ஒத்தரும் கேக்கல்லயே, சேர்.' அதன் பின் அவள் கேட்ட கேள்விகள் விறாந்தையில் எவருக்கும் தோன்றாதவை. வெட்டுக்காயத்தோடு வயிறு பெருத்தால் தையல் தாங்குமா? பால் கொடுக்கலாமா? மூத்தவளை யாரிடம் விடுவது? ஒப்பரேஷன் செய்யச் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். முடிவு நல்லதானதால் இதை எழுதவில்லை. வேறு விதமாக முடிந்திருந்தாலும் அந்த மௌலவியின் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்ட சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பொறுமையாயிருந்தால் சுவர்க்கம் என்றும், விரும்பினால் குணமாக துஆச் செய்வதாகவும் இரண்டு வழிகளை அவரிடமே வைத்தார்கள். அவர் பொறுமையைத் தெரிந்துகொண்டார். கூடவே, வலிப்பு வரும்போது தன் உடல் வெளிப்பட்டுவிடாதிருக்க துஆச் செய்யும்படி வேண்டினார்; நபியவர்கள் அதையும் செய்தார்கள். நோயைச் சகித்த புண்ணியத்தைப் பற்றி இந்த ஹதீஸை வைத்து நாம் அடிக்கடி பயான் கேட்கிறோம். என் கண்ணில் நிற்பது வேறு: கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது, அவருடைய தந்தையிடமோ கணவனிடமோ அன்று. அவர் தந்த விடையும் கேட்டவர் வைத்த இரண்டு வழிக்குள் அடங்கவில்லை. தனக்குப் பெரிதாகத் தோன்றிய மூன்றாவது ஒன்றை அவர் சேர்த்துக்கொண்டார். பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமும் நினைவுக்கு வருகிறது. பிள்ளையின் பால்குடியை மறக்கடிப்பதற்குக்கூடத் தாய் தந்தை இருவரின் மனமொப்பிய ஆலோசனையை அது எதிர்பார்க்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பாலை நிறுத்த அவளிடம் கேட்க வேண்டுமென்றால், வயிற்றைத் திறக்க?

இங்கே ஒரு கடினமான இடம் உண்டு. அவளிடம் கேட்டால், தன்னை விட்டுப் பிள்ளையைத் தெரிந்துகொண்டால்? இத்தாலிய வைத்தியர் ஜியன்னா பெரெட்டா மொல்லா அப்படித்தான் செய்தார். 1961இல் கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் கருப்பையில் கட்டி. கருப்பையை அகற்றும் பாதுகாப்பான வழியை மறுத்து, கட்டியை மட்டும் அகற்றச் சொன்னார். 1962 ஏப்ரல் 21இல் மகள் பிறந்தாள். 28இல் தாய் 39 வயதில் காலமானார். 2004இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. அந்த மகள் வளர்ந்து தானும் வைத்தியரானார். உடல் எமக்கு அமானத், அதை அழிக்க எமக்கு உரிமையில்லை என்போம். ஆனால் தன் சிகிச்சையைப் பிற்போடுவது தற்கொலை ஆகாது. மருந்து உண்பதே எல்லா நிலையிலும் பர்ளு என்று பெரும்பாலான இமாம்கள் சொல்லவில்லை. எனவே ஒரு முஸ்லிம் பெண்ணும் இப்படித் தெரிந்துகொண்டால் அவளைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. ஜியன்னா வைத்தியர், தன் வயிற்றில் இருப்பது என்னவென்று அவருக்கு முழுமையாகத் தெரியும். வாயுக் கட்டி என்று நம்பவைக்கப்பட்டவள் செய்வதைத் தியாகம் என்று யாரும் சொல்லாதிருக்கட்டும். கர்ப்பத்தில் இறக்கும் பெண் ஷஹீத் என்ற நபிமொழியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மையித்து வீட்டில் அது பெரும் ஆறுதல். உயிரோடிருக்கும் ஒருத்தியின் கட்டிலருகே அதைச் சொல்லி அவளை ஒரு பக்கம் தள்ளுவதைக் கேட்டிருக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபுறமும் பார்க்க வேண்டும். 1987 ஜூன் மாதம் வாஷிங்டனில் அஞ்சலா கார்டர் என்ற பெண், சிறு வயதில் வந்த புற்றுநோய் நுரையீரலில் திரும்பிவந்து, ஏறத்தாழ 26 வாரக் கர்ப்பத்தோடு மரணப் படுக்கையில் இருந்தார். பிள்ளையைக் காப்பாற்ற வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டுமா என்று வைத்தியசாலை நீதிபதியை அழைத்தது. முதலில் அரைமயக்கத்தில் இசைந்தவர், பிறகு வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னார். இருந்தும் செய்தார்கள். குழந்தை இரண்டு மணித்தியாலத்தில் இறந்தது, தாய் இரண்டு நாளில். 1990இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, முடிவு அநேகமாக எல்லா வேளைகளிலும் நோயாளியினுடையதே என்றது. கேட்டுவிட்டு விடையைக் கைவிடுவது, கேட்காமலிருப்பதைவிட மேலானதாக எனக்குத் தோன்றவில்லை.

சொன்னால் பயந்துபோவாள், பயம் பிள்ளையைப் பாதிக்கும் என்பது எங்கள் வீடுகளின் வழமையான வாதம். பயம் உண்மைதான். ஆனால் எல்லோரும் கதவுக்கு வெளியே குசுகுசுத்தால் அவள் பயப்படாமலா இருக்கிறாள்? 'எனக்கு ஒண்டும் வாணாம், அவருக்கிட்ட சொல்லுங்க' என்று ஒருத்தி சொன்னால், அதையும் மதிக்கலாம், அதுவும் அவள் சொன்ன விடைதானே. அவளுக்காக வேறொருவர் அதைச் சொல்லக்கூடாது.

இதில் கண்டிப் பக்கத்தவருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாரிஸ்பத்துவையிலோ உடுநுவரையிலோ இருந்து பேராதனைக்கும் கண்டிக்கும் போகும் எங்கள் பெண்கள் கடையில், பஸ்ஸில் பேசச் சிங்களம் நன்றாகவே தெரிந்தவர்கள். ஆனால் வைத்தியர் தங்களுக்குள் 'பங்கிரியஸ்' என்கிறார், நோயாளியிடம் 'அக்ன்யாசய' என்கிறார், எமது பாடநூலில் அது சதையி, சென்னையிலிருந்து வரும் சஞ்சிகையில் கணையம். இந்த நாலு சொல்லும் அவளுக்கு ஒன்றுதான். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். ஆகவே கூடப்போன கணவன் மொழிபெயர்க்கிறான், தான் கேட்டதில் தனக்கு விளங்கியதை, அதிலும் அவள் தாங்குவாள் என்று தான் நினைப்பதை மட்டும். மஹரகமைக்கு அனுப்பப்பட்டால் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இதே கதை. என் மாணவிக்கு ஒன்பதாம் வகுப்பில் படித்த சொல் நினைவிருந்தது, இடம் மறந்திருந்தது. கொப்பித் தாளில் இரைப்பையை வரைந்து, அதன் பின்னால் சதையியை வரைந்து, கீழே கருப்பையையும் வரைந்து கொடுத்தேன். அதைக் கிளினிக் அட்டைக்குள் வைத்து எடுத்துப் போனாள். வைத்தியர் அந்தப் படத்திலேயே பேனையால் கோடு போட்டு எங்கே வெட்டுவார் என்று காட்டினாராம். அன்று மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை என்று அவளுடைய உம்மா பிறகு சொன்னார்.